அறுவடைக் காசில் எவ்வளவை எடுத்து வைப்பது: நிலையான பங்கா, மாறும் பங்கா?

பெரும்போக நெல்லை விற்ற காசு கைக்கு வரும் மாசி, பங்குனியில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு கட்டாயம் நடக்கும். உரக்கடைக் கணக்கு, உழவு மெசின் காசு, பிள்ளைகளின் ரியூசன், ஈடு வைத்த நகை எல்லாம் ஒரே கிழமையில் வாசலுக்கு வந்து நிற்கும். அதற்குள் எவ்வளவை எடுத்து வைப்பது என்று வீட்டில் ஆளுக்கொரு நியாயம். "என்ன வந்தாலும் பத்தில் ஒன்றை முதலில் எடுத்து வை, மற்றதைப் பிறகு பார்" என்பார் பெரியப்பா. "போன முறை வெள்ளம் கொண்டுபோனது. இந்த முறைதான் நல்லா விளைஞ்சிருக்கு. இப்ப கூட்டி வைக்காமல் எப்ப வைக்கிறது பெரியப்பா?" என்பான் தம்பி முறைக்காரன். "மூத்தவளுக்கு வீடு கட்டி முடியுமட்டும் வேறு கதை வேண்டாம்" என்று வீட்டுக்காரி பேச்சை முடித்துவிடுவார்.

மூன்றும் வெவ்வேறு விதிகள். பொருளியலில் வளர்ச்சி மாதிரிகள் என்று சொல்கிறார்களே, அவற்றுக்குள்ளும் கிட்டத்தட்ட நூறு வருடமாக இதே நியாயங்கள்தான் மோதிக்கொண்டிருக்கின்றன. ஒரு நாடு ஏழ்மையிலிருந்து வசதிக்கு வரும்போது அதன் சேமிப்பு வீதம், அதாவது வருமானத்தில் சேமிக்கும் பங்கு, அப்படியே நிற்குமா, ஏறுமா, இறங்குமா? மாதிரிக்கு மாதிரி பதில் வேறுபடுகிறது. அந்தப் பதில்களை ஒரு வயல் வீட்டின் முடிவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாதச் சம்பளக்காரருக்கு நிலையான பங்கு போதும். வயலை மட்டும் நம்பியிருப்பவருக்கு அது சரிவராது. அவர் வருமானத்தில் பங்கு எடுக்கக் கூடாது, அடிப்படைச் செலவு போக மிஞ்சுவதில் பங்கு எடுக்க வேண்டும்.

நாட்டுக்குச் செய்த மாதிரியை வீட்டுக்குப் பொருத்தலாமா என்று கேட்கலாம். எல்லா இடத்திலும் பொருந்தாது. ஆனால் இந்த மாதிரிகளின் அடித்தளம் வயல்காரருக்குப் புதிதல்ல. அவற்றில் ஒரே ஒரு பொருள்தான் விளையும். அதில் ஒரு பகுதியைத் தின்பார்கள், மிச்சத்தை அடுத்த விளைச்சலுக்குப் போடுவார்கள். விதைநெல்லும் நெல், சோறும் நெல், அந்தக் காலத்தில் வயலில் வேலை செய்த முல்லைக்காரருக்கு வயல் சொந்தக்காரரான போடியார் அளந்த கூலியும் நெல். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வயல்வீடு ஒன்றில் இதை விளக்க வரைபடமே தேவையில்லை.

பெரியப்பாவின் விதி

1956இல் ரொபர்ட் சோலோ எழுதிய வளர்ச்சி மாதிரியில் சேமிப்பு வீதம் ஒரு நிலையான எண். ஏன் அந்த எண் என்று அந்த மாதிரி கேட்பதில்லை. வருமானம் எவ்வளவாக இருந்தாலும், வட்டி எப்படி இருந்தாலும், அதே பங்கு. அவருக்கு முன்பே ஹரொட் 1939இலும் டோமர் 1946இலும் அப்படித்தான் வைத்துக்கொண்டார்கள். கணக்கு சுலபமாகிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் கையிலிருந்த தரவு. அமெரிக்காவின் நீண்டகாலக் கணக்குகளைத் தொகுத்த சைமன் குஸ்நெற்ஸ், 1869 தொடங்கி 1938 வரை அந்த நாட்டின் வருமானம் பல மடங்கு பெருகியும் சேமித்த பங்கு பெரிதாக மாறவில்லை என்று காட்டினார்.

சோலோ மாதிரி சொல்லும் முக்கியமான விஷயம், வீதத்தைக் கூட்டினால் என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்பது. வருமானத்தில் மூலதனத்துக்குப் போகும் பங்கு மூன்றில் ஒன்று, சனத்தொகை வளர்ச்சி, தொழில்நுட்ப வளர்ச்சி, தேய்மானம் மூன்றும் சேர்ந்து வருடத்துக்கு 6 வீதம் என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பை 10 வீதத்திலிருந்து 20 வீதமாக இரட்டிப்பாக்கினால் வருமானம் கடைசியில் 100இலிருந்து 141 ஆகும். இரட்டிப்பு ஆகாது. நுகர்வு முதல் நாளே 90இலிருந்து 80க்கு இறங்கும், பிறகு மெல்ல ஏறி 113இல் போய் நிற்கும். பழைய 90ஐத் திரும்பப் பிடிக்கவே ஏறத்தாழ 8 வருடம். வருமான ஏற்றத்தில் பாதி வந்து சேர 15 வருடம். அதற்குப் பிறகு வளர்ச்சி வேகம் பழைய வேகம்தான். அதே ஐந்து ஏக்கருக்கு முதலாவது உழவு மெசின் தரும் பலனை இரண்டாவது மெசின் தராது என்பதுதான் இதற்குள் இருக்கும் காரணம்.

அந்த எட்டு வருடத்தைக் கவனியுங்கள். சேமியுங்கள், முன்னேறுவீர்கள் என்று மேடையில் சொல்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

பெரியப்பாவின் விதிக்கு உள்ள பலம் மனக்கட்டுப்பாடு. கணக்குத் தேவையில்லை, வீட்டுக்குள் சண்டை குறையும், காசு வந்த அன்றே வேலை முடிந்துவிடும். அளவுக்கு மேல் சேமித்துவிடுவோமோ என்ற பயமும் வேண்டாம். அளவுக்கு மேல் சேமிப்பது என்று ஒன்று உண்டு என்பதை எட்மண்ட் பெல்ப்ஸ் 1961இல் காட்டினார். சேமிப்பு வீதம் மூலதனத்தின் பங்கைத் தாண்டினால், மேலே சொன்ன கணக்கில் 33 வீதத்தைத் தாண்டினால், அதன்பின் எல்லாக் காலத்துக்கும் நுகர்வு குறைவாகவே இருக்கும். ஐந்து ஏக்கர் வீடு எதுவும் அந்த எல்லைக்குப் பக்கத்தில் போகாது. கட்டுக்கட்டாய் வயல் வைத்துக்கொண்டு கருவாட்டுக் குழம்போடு நாளை ஓட்டிய பழைய போடிமார் சிலர் போயிருக்கலாம்!

பலவீனம் வெள்ளத்தன்று தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

வட்டியைப் பார்த்து மாற்றுவது

சேமிப்பு வீதத்தை வெளியிலிருந்து கொடுக்காமல் மாதிரிக்குள்ளேயே தீர்மானிக்க முயன்றவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிராங்க் ராம்சே. ஒரு நாடு தன் வருமானத்தில் எவ்வளவைச் சேமிக்க வேண்டும் என்ற கேள்வியோடு 1928இல் எழுதினார். 1930இல் இறந்தபோது அவருக்கு வயது 26. வருங்காலத்துச் சந்தோசத்தை இன்றைய சந்தோசத்தைவிடக் குறைத்து மதிப்பது நியாயமே இல்லை என்று அந்தக் கட்டுரையில் கறாராகச் சொன்னவர் அவர். 1965இல் டேவிட் காஸ், தியாலிங் கூப்மன்ஸ் இருவரும் தனித்தனியாக அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்த மாதிரியில் குடும்பம் இரண்டை ஒப்பிடும்: மூலதனம் தரும் பலன் ஒரு பக்கம், தன் பொறுமையின்மை மறுபக்கம். பலன் கூடுதலாக இருந்தால் இன்றைய நுகர்வைக் குறைத்து நாளைக்குத் தள்ளும். அப்படியானால் மூலதனம் குறைவாக, பலன் கூடுதலாக இருக்கும் ஏழை நாடு அதிகம் சேமிக்க வேண்டுமல்லவா? அவ்வளவு நேராக இல்லை. உயர்தர வகுப்பில் படித்த பிரதியீட்டு விளைவு, வருமான விளைவு இரண்டும் இங்கே எதிரெதிராக இழுக்கும். பலன் கூட என்பதால் சேமி என்கிறது முதலாவது. எப்படியும் நாளைக்கு வசதி வரத்தான் போகிறது, இன்றைக்கே கொஞ்சம் நன்றாகச் சாப்பிடு என்கிறது இரண்டாவது.

எது வெல்லும் என்பது எண்களைப் பொறுத்தது. பாடநூல்களில் வழக்கமாக வைக்கும் அளவுகளைப் போட்டுப் பார்க்கலாம். மூலதனப் பங்கு 30 வீதம், தேய்மானம் 5, சனத்தொகை வளர்ச்சி 1, தொழில்நுட்ப வளர்ச்சி 2, பொறுமையின்மை 2. நுகர்வைக் காலம் மாற்றித் தள்ளிப்போட விருப்பமின்மையின் அளவு 3. நாடு கடைசியில் போய் நிற்கும் சேமிப்பு வீதம் 18.5 வீதம். ஏறுவதா இறங்குவதா என்பதைப் பிரிக்கும் கோடு அந்த 3இன் தலைகீழ், அதாவது மூன்றில் ஒன்று, 33 வீதம். 18.5 அதற்குக் கீழே இருப்பதால், ஆரம்பத்தில் கூடச் சேமித்து வசதி வரவரக் குறைத்துக்கொண்டு போகும் என்று விடை வருகிறது. இப்போது மூலதனம் என்பதற்குள் படிப்பையும் தொழில்திறனையும் சேர்த்து அதன் பங்கை 75 வீதம் ஆக்குங்கள். கடைசி வீதம் 46 வீதமாகி, கோட்டுக்கு மேலே போய்விடும். இனி வசதி கூடக்கூடச் சேமிப்பு வீதம் ஏறும். மாதிரி அதே மாதிரிதான். உரம், மெசின் மட்டும் சேமிப்பா, பிள்ளையின் ரியூசன் காசும் சேமிப்பா என்று நாம் எழுதும் விதத்தில் திசையே மாறிவிடுகிறது. ரியூசன் காசை வீண்செலவுப் பக்கத்தில் எழுதும் வீடுகள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

இன்னொரு சுவையான விஷயமும் உண்டு. எண்கள் சரியாக அந்தக் கோட்டிலேயே விழுந்தால், இவ்வளவு கணக்குப் போட்டு முடிவெடுக்கும் குடும்பமும் ஒவ்வொரு வருடமும் ஒரே பங்கைத்தான் சேமிக்கும். இரண்டு இழுப்பும் ஒன்றையொன்று அறுத்துவிடும். எனவே பெரியப்பாவின் விதி யோசிக்காதவரின் விதி என்று சிரிக்க முடியாது. சில நிலைமைகளில் யோசித்தவரும் அங்கேதான் வந்து நிற்பார்.

ஆனால் நம் பக்கத்தில் இந்த விதி ஓரிடத்தில் வழுக்குகிறது. யுத்தத்துக்குப் பிறகு படுவான்கரையில் மீளக்குடியேறிய குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். காணி இருந்தது. மாடில்லை, மெசின் இல்லை, வீட்டுக்குக் கூரை இல்லை. அந்த நேரத்தில் ஒரு நீர்ப்பம்பி தரும் பலன் மிகப் பெரியது. முதலாவது கணக்குப்படி அவர்கள்தான் எல்லோரையும்விடக் கூடச் சேமித்திருக்க வேண்டும். சேமிக்கவில்லை, சேமிக்க முடியவுமில்லை. வந்ததெல்லாம் வயிற்றுக்கே போனது, பற்றாததற்கு நுண்கடன்காரர் வந்தார்கள்.

வட்டியைப் பார்த்து முடிவெடுப்பதில் இன்னொரு பொறியும் உண்டு. 2022 சித்திரையில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் தருகிறோம் என்று வங்கிகள் பலகை வைத்தன. ஆனால் அந்த வருடம் புரட்டாதியில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். ராம்சே மாதிரி பார்க்கச் சொல்வது விலைவாசி போக மிஞ்சும் வட்டியை. அது அப்போது ஆழமான மறை எண். பலகையில் இருந்த எண்ணைப் பார்த்துக் கையிருப்பு முழுவதையும் வைப்பில் பூட்டியவருக்கு அடுத்த போகத்து உரம் வாங்கும்போது விசயம் விளங்கியிருக்கும்.

அடிப்படைச் செலவுக்கு மேல்

ஆதர் லூயிஸ் 1954இல் எழுதியது இன்றைக்கும் இந்த விவாதத்தின் நடுவில் நிற்கிறது. வருமானத்தில் 4 அல்லது 5 வீதம் சேமித்துக்கொண்டிருந்த ஒரு சமூகம் எப்படி 12, 15 வீதம் சேமிக்கும் சமூகமாக மாறுகிறது என்பதுதான் அபிவிருத்திக் கோட்பாட்டின் மையக் கேள்வி என்றார் அவர். மக்கள் திடீரென்று சிக்கனக்காரர் ஆகிவிடுகிறார்கள் என்று அவர் நினைக்கவில்லை. இலாபம் ஈட்டும் முதலாளிகள் கைக்கு வரும் பங்கு பெருகுகிறது, சேமிப்பவர்கள் அவர்கள்தான், எனவே நாட்டின் வீதம் ஏறுகிறது என்பது அவர் விளக்கம். நம் வயல் வட்டைகளில் போடியாரிடமே மிச்சம் பிடிக்க முடிந்தது, முல்லைக்காரரிடம் முடியவில்லை என்பதும் அதே கதைதான்.

பிற்காலத்தவர்கள் ராம்சே மாதிரிக்குள் ஒரு சிறு திருத்தம் செய்தார்கள். குறிப்பிட்ட அளவு நுகர்வு இல்லாமல் உயிர்வாழ முடியாது, அதற்கு மேலே உள்ளதுதான் தள்ளிப்போடக் கூடியது. இந்த ஒரு வரியைச் சேர்த்ததும் மாதிரியின் நடத்தை மாறிவிடுகிறது. பலன் எவ்வளவு கூடவாக இருந்தாலும் அடிப்படைக்குப் பக்கத்தில் இருப்பவர் சேமிக்க மாட்டார். வருமானம் அதைத் தாண்டத் தாண்ட வீதம் ஏறும். பிறகு மூலதனம் சேர்ந்து பலன் குறையும்போது மெல்ல இறங்கும். யுத்தத்துக்குப் பிந்திய யப்பானின் சேமிப்பு வீதம் ஏறி இறங்கியதை லோரன்ஸ் கிறிஸ்தியானோ 1989இல் இப்படித்தான் விளக்கப் பார்த்தார். தென் கொரியா 1960களின் தொடக்கத்தில் மிகக் குறைவாகச் சேமித்த நாடு. 1980களின் முடிவில் 30 வீதத்தைத் தாண்டிவிட்டது. நிலையான பங்கு என்ற எடுகோளுக்குள் இது அடங்காது.

இதை வீட்டுக்குக் கொண்டுவரும்போது விதி எளிது: வருடத்து அடிப்படைச் செலவைக் கழி, மிஞ்சியதில் பாதியை எடுத்து வை.

சீ.ஆர். கொப்பி ஒன்றில் ஒரு பக்கத்தை இப்படிக் கோடு போட்டுப் பாருங்கள். ஐந்து ஏக்கர், இரண்டு போகம், உழவு, விதைநெல், உரம், மருந்து, அறுவடை மெசின் எல்லாம் போகக் கையில் நிற்பது சாதாரண வருடத்தில் 8 லட்சம், நல்ல வருடத்தில் 10 லட்சம், வெள்ள வருடத்தில் 4 லட்சம். அடிப்படைச் செலவு வருடத்துக்கு 5.5 லட்சம். எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவின் விதியில் பத்தில் ஒன்றுக்குப் பதிலாக, ஒப்பிட வசதியாக, 15 வீதம் என்று வைத்தால் சாதாரண வருடத்தில் 1.2 லட்சம் சேரும். மிஞ்சியதில் பாதி என்றால் 1.25 லட்சம். வித்தியாசமே இல்லை. நல்ல வருடத்தில் அவருடையது 1.5, மற்றது 2.25. வெள்ள வருடத்தில்தான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெளிக்கும். பெரியப்பா அப்போதும் 60 ஆயிரத்தை எடுத்து வைத்துவிட்டு 3.4 லட்சத்தோடு நிற்பார். செலவு 5.5. குறையும் 2.1 லட்சத்துக்கு நகை ஈட்டுக்குப் போகும். மற்றவர் அந்த வருடம் ஒன்றும் வைக்க மாட்டார், முன்பு வைத்ததில் 1.5 லட்சத்தை எடுப்பார்.

ஐந்து வருடத்தில் மூன்று சாதாரணம், ஒன்று நல்லது, ஒன்று வெள்ளம் என்றால், பெரியப்பாவின் புத்தகத்தில் 5.7 லட்சம் இருக்கும், ஆனால் 2.1 லட்சம் கடனும் இருக்கும். கழித்தால் 3.6. அதிலும் ஈட்டு வட்டியை இன்னும் கழிக்கவில்லை. மற்றவரிடம் 4.5 லட்சம், கடனில்லை. இவருடைய சேமிப்பு வீதத்தை மட்டும் பார்த்தால் ஒழுங்கே இல்லாதவர் போலத் தெரியும்: சாதாரண வருடத்தில் 15.6, நல்ல வருடத்தில் 22.5, வெள்ள வருடத்தில் மறை 37.5. விதி ஒன்றுதான், வீதம் ஆடுகிறது.

வருமானம் கூடிக்கொண்டு போனால்? அடிப்படைச் செலவு 5.5லேயே நின்றால், 12 லட்சத்தில் 27 வீதம், 20 லட்சத்தில் 36 வீதம் என்று ஏறும். ஆனால் அது நிற்காது. மோட்டார் சைக்கிள் வந்த பிறகு அது அடிப்படை, இன்ரர்நெட் வந்த பிறகு அதுவும் அடிப்படை. அடிப்படையும் வருமானத்தோடு சேர்ந்து ஏறினால் வீதம் ஏறாமல் நின்றுவிடும், குஸ்நெற்ஸ் கண்ட நிலையான பங்கு திரும்ப வந்துவிடும். கரோல், ஓவர்லாண்ட், வைல் மூவரும் 2000இல் இந்தப் பழக்கத்தையே மாதிரிக்குள் வைத்து வேறொன்றைக் காட்டினார்கள்: பழக்கம் மெதுவாக மாறுவதால், வருமானம் வேகமாக வளரும் காலத்தில் நுகர்வு பின்னால் இழுபட்டு வரும், இடைவெளி சேமிப்பாகும். சேமித்ததால் வளர்ந்தார்கள் என்பதோடு, வளர்ந்ததால் சேமித்தார்கள் என்பதும் உண்மையாக இருக்கலாம். கட்டாரிலிருந்து முதல் இரண்டு வருடம் வந்த காசு சேர்வதும், மூன்றாம் வருடத்திலிருந்து அதே காசு சேராததும் ஏன் என்று கேட்பவர்களுக்கு இதற்குள் பதில் இருக்கிறது.

வெள்ளமும் குளத்து நீரும்

இதுவரை சொன்ன வளர்ச்சி மாதிரிகளில் மழை பிழைப்பதில்லை. எல்லாம் முன்கூட்டியே தெரியும். நம் கரையில் 1978 சூறாவளி, 2004 கடற்கோள், 2011 தை வெள்ளம், 2024 கார்த்திகை வெள்ளம் என்று ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு அந்த எடுகோளை விழுங்குவது கஷ்டம்.

ஆங்கஸ் டீற்றன் 1991இல் இதை வேறு விதமாகக் கட்டினார். கடன் வாங்க முடியாத, வருமானம் நிச்சயமில்லாத ஒரு குடும்பம் எப்படிச் சேமிக்கும்? பெரிய சொத்து சேர்க்காது. நல்ல வருடத்தில் கொஞ்சம் கையிருப்பு சேர்த்து, கெட்ட வருடத்தில் அதைத் தின்னும். கையிருப்பு ஒரு மட்டத்துக்கு வந்ததும் சேமிப்பதை நிறுத்திவிடும். நீண்ட சராசரியில் அதன் சேமிப்பு வீதம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம், ஆனாலும் அது பொறுப்பான குடும்பம். கிறிஸ்டினா பக்சன் 1992இல் தாய்லாந்து நெல் விவசாயிகளின் தரவை மழை அளவோடு பொருத்திப் பார்த்தார். நல்ல மழையால் எதிர்பாராமல் வந்த வருமானத்தில் பெரும்பகுதியை அவர்கள் சேமித்தார்கள். ஏழை விவசாயி கையில் காசு நின்றால் செலவழித்துவிடுவான் என்ற பேச்சுக்கு அதைவிட நல்ல மறுப்பு வேண்டியதில்லை.

நம்மிடம் இன்னொரு வசதி உண்டு: சிறுபோகம் பற்றி முன்னறிவிப்பு கிடைக்கும். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், சேனநாயக்க சமுத்திரம் ஆகியவற்றின் நீர்மட்டத்தைப் பார்த்து, இந்த முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். வயலுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்க்கும் வட்டவிதானை அந்தச் செய்தியோடு வருவதற்கு முன் பெரும்போகக் காசைப் பூட்டிவிடுவது அவசரம். உங்கள் துண்டுக்குச் சிறுபோகத் தண்ணீர் இல்லை என்று தெரிந்தால், அந்த வருடத்துக்கு மிஞ்சுவது என்ன என்பதே வேறு கணக்கு.

கையிருப்பை எதில் வைப்பது என்பதிலும் வெள்ளத்துக்குப் பங்குண்டு. சீட்டு, ஆளுக்கு ஆள் வேறுவேறு நேரத்தில் வரும் தேவைக்கு அருமையான ஏற்பாடு. வெள்ளம் எல்லோருக்கும் ஒரே நாளில் வரும். சீட்டில் இருக்கும் இருபது பேருக்கும் அதே கிழமையில் காசு வேண்டும், கட்டவும் ஒருவரிடமும் இருக்காது. பக்கத்து வீட்டுக் கைமாற்றும் அப்படியே. மாடு வெள்ளத்தில் போகும். நெல்லை வைத்திருந்து ஐப்பசி, கார்த்திகையில் விற்றால் விலை நன்றாக இருக்கும்தான். ஈரப்பதன் 14 வீதத்துக்குக் காயவைத்து, நனையாத இடத்தில் வைக்க முடிந்தவருக்கே அது. நகையின் விலை உலகச் சந்தையில் தீர்மானமாவதால் நம் வெள்ளம் அதைத் தொடாது, ஈட்டுக்கும் உடனே எடுப்பார்கள். வங்கிச் சேமிப்புப் புத்தகம் விலைவாசிக்கு முன்னால் கரைந்தாலும் வெள்ளத்தில் கரையாது. என் தெரிவு: முதல் ஒரு பெரும்போகச் செலவு அளவு சாதாரண சேமிப்புக் கணக்கில், அதற்கு மேல் போவது வேறு எதிலாவது. சீட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை வெள்ளத்துக்கான கையிருப்பு என்று எண்ண வேண்டாம்.

மூத்தவளின் வீடு

மொடிக்லியானியும் பிரம்பேர்க்கும் 1954இல் சொன்ன வாழ்நாள் கருத்தில் சேமிப்பு வீதத்தைத் தீர்மானிப்பது வயது. இளமையில் உழைத்துச் சேர், முதுமையில் தின்று தீர். பீற்றர் டயமண்ட் 1965இல் இதை வளர்ச்சி மாதிரிக்குள் வைத்து இளந்தலைமுறையும் முதுதலைமுறையும் ஒரே நேரத்தில் வாழும் பொருளாதாரத்தைக் கட்டினார். ஒவ்வொருவரும் கடைசியில் எல்லாவற்றையும் செலவழித்தாலும், சேர்ப்பவர்கள் தின்பவர்களைவிட அதிகமாகவும் வசதியாகவும் இருக்கும்வரை நாட்டின் வீதம் நன்றாகவே இருக்கும். சனத்தொகை மூப்படையும்போது இறங்கும்.

மட்டக்களப்பு, அம்பாறையில் சேமிப்பு ஏறி இறங்கும் இந்த வளைவின் உச்சி ஓய்வு வயதில் இல்லை, மகளின் கலியாணத்தில் இருக்கிறது. தமிழ் வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். பல இடங்களில் தாய் தகப்பன் குடியிருந்த வீட்டையே கொடுத்துவிட்டு அதே வளவில் சின்னதாக ஒன்று போட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். இருபது வருடச் சேமிப்பு ஒரு முகூர்த்தத்தில் கைமாறும். அடுத்த மகளுக்கு மறுபடி முதலிலிருந்து. இதைத் தனக்காகச் சேர்த்துத் தின்னும் டயமண்டின் மனிதரோடும் பொருத்த முடியாது, பிள்ளைகளின் நலனைத் தன் நலனாகவே எண்ணி முடிவில்லாமல் யோசிக்கும் ராம்சேயின் குடும்பத்தோடும் முழுதாகப் பொருத்த முடியாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் பிள்ளைகளுக்கு இதோ ஒன்று. சோலோ மாதிரியை எடுத்தால் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

இலக்கு இருப்பதால் வீட்டுக்காரியின் இந்த விதிக்கு நிலையான பங்கைவிட வலு அதிகம். கல்லும் சீமெந்தும் வாங்கிப் போட்டுவிட்டால் ஒருவரும் வந்து கடன் கேட்க முடியாது. ஆனால் அதே காரணத்தால் வெள்ள வருடத்தில் அதை எடுத்துத் தின்னவும் முடியாது. அரைச்சுவரை ஈடு வைக்க யாரும் எடுக்க மாட்டார்கள். வீட்டுக்காரியோடு இதில் வாதாடிப் பலனில்லை, வரிசையை மட்டும் மாற்றக் கேட்கலாம்: ஒரு போகச் செலவுக் கையிருப்பு முதலில், அத்திவாரம் பிறகு.

யாருக்கு எது

அரச சம்பளமோ ஓய்வூதியமோ வருபவர், செலவும் பெரிதாக ஆடாதவர், பெரியப்பாவின் விதியை எடுக்கட்டும். சம்பளநாளிலேயே வேறு கணக்குக்குப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். வட்டியைப் பார்த்து வீதத்தைக் கூட்டிக் குறைப்பது, அடிப்படைச் செலவைப் பல மடங்கு தாண்டிய கடைக்காரருக்கும் ஆலைக்காரருக்கும் பொருந்தும். அவர்களும் விலைவாசியைக் கழித்த பிறகே வட்டியைப் பார்க்க வேண்டும். கலியாண வயதில் மகள் இருப்பவருக்கு வீடே விதி, மேலே சொன்ன வரிசையோடு. வயலை மட்டும் நம்பியவருக்கு மிஞ்சியதில் பாதி. மிஞ்சாத வருடத்தில் ஒன்றும் வைக்காதது குற்றமில்லை.

நம் பக்கத்தில் பல வீடுகள் இரண்டும் கலந்தவை. ஒருவர் பள்ளிக்கூடத்திலோ பிரதேச செயலகத்திலோ வேலை, மற்றவர் வயல். அப்படியான வீட்டில் அடிப்படைச் செலவு முழுவதையும் சம்பளத்தின் மேல் போட்டுப் பாருங்கள். சம்பளம் அதைத் தாங்கினால், வயல் காசு முழுவதும் மிஞ்சியதுதான். அப்போது பாதி என்பதைக்கூட முக்கால் ஆக்கலாம். தாங்காவிட்டால் குறையும் தொகையை மட்டும் வயல் கணக்கில் முதல் வரியாக எழுதிக் கழித்துவிட்டுப் பாதியைப் பிரியுங்கள். அடிப்படைச் செலவு என்று எழுதிய தொகையைப் பெரும்போகத்துக்குப் பெரும்போகம் ஒருமுறை மட்டும் திருத்துங்கள், நெல் விற்ற கிழமையில் வேண்டாம், விதைப்புக்கு முன் ஐப்பசியில்.